படித்துக் காட்டப்பட்டது

பதிப்பாளர் என்னிடம் கேட்டது பத்து வரி. அக்காவின் புது நாவலுக்குப் பின்னட்டையில் போட ஆசிரியர் குறிப்பு வேண்டுமாம். முதலில் அவளிடம்தான் கேட்டிருக்கிறார். அவள் எழுதி, அடித்து, திரும்ப எழுதி, திரும்ப அடித்து, கடைசியில் பிறந்த வருடத்தை மட்டும் மிச்சம் வைத்து அனுப்பியிருக்கிறாள். அதிலும் ஒரு எண்ணை அடித்துத் திருத்தியிருந்தாளாம். "நீங்க கூடப் பிறந்தவர்தானே, நீங்களே எழுதிக் குடுத்துடுங்க" என்று என் தலையில் கட்டிவிட்டார். நான் லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவன். பழுது நீக்கப்பட்டது, தேதி, கையெழுத்து, இதற்கு மேல் நான் எழுதியதில்லை. இருந்தும் உட்கார்ந்து பார்த்தேன். பத்து வரிக்குள் அக்கா அடங்கவில்லை. அவள் எதற்குள்தான் அடங்கினாள்?

வீட்டில் அவளுக்குப் பெயர் 'திருத்தம்'. அப்பா வைத்தது. யாராவது ஒரு விஷயத்தைச் சொல்ல ஆரம்பித்தால் போதும், எங்கிருந்தாவது வந்து நிற்பாள். எங்கள் அத்தை ஒரு விசேஷத்துக்கு வரவில்லை. அம்மா அதை அப்பாவிடம் சொன்னபோது, "வரமாட்டேன்னுட்டாங்க உங்க தங்கச்சி" என்றாள். எட்டு வயது அக்கா குறுக்கே புகுந்தாள்: "அத்தை 'வரமாட்டேன்'னு சொல்லலம்மா. 'வரல'ன்னு சொன்னாங்க." அம்மா, "ரெண்டும் ஒண்ணுதான், போடி உள்ளே" என்று விரட்டினாள். ரெண்டும் ஒன்றில்லை என்று எல்லாருக்கும் தெரியும். வரல என்றால் அன்றைக்கு முடியவில்லை. வரமாட்டேன் என்றால் உன் வாசலை இனி மிதிக்கமாட்டேன். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு இரண்டு குடும்பமும் ஒன்றரை வருடம் முகம் பார்க்காமல் இருந்தது. அந்த ஒன்றரை வருடமும் அக்கா தினம் ஒரு தடவையாவது, "நான்தான் அப்பவே சொன்னேனே" என்று எங்கள் உயிரை எடுத்தாள்.

இப்படிப்பட்டவளுக்கு எங்கே வேலை கிடைக்கவேண்டும்? கோர்ட்டில் கிடைத்தது. சாட்சியம் தட்டச்சு செய்கிற வேலை. ஒரு டைப்பிங் சென்டரில் ஏழு வருடம் மற்றவர்களின் விண்ணப்பத்தைத் தட்டிவிட்டு, தேர்வு எழுதி, இருபத்தொன்பது வயதில் உள்ளே போனாள். போன முதல் வாரமே என்னிடம் வந்து குதித்தாள்.

"டேய், அங்க யாரும் பேசினதை எழுதறதில்லடா!"

விஷயம் இதுதான். சாட்சி கூண்டில் நின்று தன் வாய்க்கு வந்தபடி பேசுவார். நீதிபதி அதைக் கேட்டு, சுருக்கி, எழுத்துத் தமிழாக்கி உரக்கச் சொல்வார். அக்கா தட்டவேண்டியது நீதிபதி சொல்வதை. ஒருத்தி, "அடிச்சான் சார், நிறுத்தவே இல்ல, கை வலிச்சா மாத்திக் கையால அடிச்சான்" என்று சொல்லியிருப்பாள். பதிவில், 'எதிரி என்னைப் பலமுறை தாக்கினார்' என்று வரும். நீதிபதியைக் குறை சொல்ல முடியாது. ஒரு நாளைக்குப் பத்து சாட்சி. எல்லார் பேச்சையும் அப்படியே எழுதினால் ஒரு வழக்கும் முடியாது. ஆனால் அந்த 'மாத்திக் கை' எங்கே போனது என்று அக்காவுக்குத் தாங்கவில்லை. கெட்டுப்போன தாள்களை வீட்டுக்குக் கொண்டுவந்து, அவற்றின் பின்பக்கத்தில், உண்மையில் பேசப்பட்டதை எழுத ஆரம்பித்தாள். அவள் எழுத்துக்கு அதுதான் தொடக்கம். நீதிமன்றம் முன்பக்கத்தை எடுத்துக்கொண்டது, பின்பக்கம் என் அக்காவுக்கு.

அது வரைக்கும் அது ஒரு பொழுதுபோக்கு. வேலைக்குச் சேர்ந்து பத்தாவது மாதம் அது வேறாகிவிட்டது. அதைச் சொல்லாமல் இந்தக் குறிப்பை எழுத முடியாது. அவள் சம்மதத்தோடுதான் சொல்கிறேன்.

ஒரு சரக்குக் கிடங்கில் பெட்டி அடுக்கு சரிந்து ஒருவர் செத்துப்போன வழக்கு. அடுக்கு ஆடுகிறது என்று தெரிந்தும் வேலை வாங்கினார், விழுந்த பிறகு ஆளைக் கவனிக்காமல் போய்விட்டார் என்று சூப்பர்வைசர் மேல் குற்றச்சாட்டு. பார்த்த சாட்சி ஒரே ஒருவர், கூட வேலை செய்த லோடுமேன். வக்கீல் கேட்கிறார்: "அடுக்கு விழுந்தப்போ அங்க வேற யாரு இருந்தா?" லோடுமேன் சொல்கிறார்: "சூப்பர்வைசர் இருந்தாரு சார்." "நீங்க என்ன பண்ணீங்க?" "தண்ணி எடுக்க ஓடினேன் சார்." "திரும்பி வந்தப்போ?" "திரும்பி வந்து பாத்தா அவர் போயிட்டாரு சார்."

நீதிபதி சொன்னார்: "நான் தண்ணீர் எடுத்துக்கொண்டு திரும்பி வந்தபோது அவர் இறந்துவிட்டிருந்தார்."

அக்காவின் விரல் ஒரு நொடி நின்றது. செத்துப்போனவரை அந்த லோடுமேன் ஆரம்பத்திலிருந்தே 'அண்ணன்' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். 'அவர்' என்று சொன்னது சூப்பர்வைசரை மட்டும். அது அவள் காதில் விழுந்தது. தலையைத் தூக்கினாள். நீதிபதி அடுத்த வரிக்குப் போய்விட்டார். கடிகாரத்தில் மதிய இடைவேளைக்கு மூன்று நிமிடம் இருந்தது. வேலை இன்னும் நிரந்தரமாகாத நேரம். தட்டிவிட்டாள்.

சரி, அதோடு போகட்டும் என்றால், இன்னொரு கட்டம் இருக்கிறது. சாட்சியம் முடிந்ததும் பதிவைச் சாட்சிக்குப் படித்துக் காட்டவேண்டும். அவர் சரி என்றால் கையெழுத்து. கீழே, 'படித்துக் காட்டப்பட்டது, சரியென ஒப்புக்கொள்ளப்பட்டது' என்று வரும். படித்துக் காட்டியது அக்கா. எப்படிப் படித்தாள் என்று எனக்கு ஒரு தடவை செய்து காட்டினாள். மூச்சு விடாமல், பசிக்கிறவள் படிக்கிற மாதிரி. 'இறந்துவிட்டிருந்தார்' என்பது எனக்கே காதில் விழவில்லை. லோடுமேன் தலையை ஆட்டிக் கையெழுத்துப் போட்டார். ஒரு சொல்லுக்காக ஒன்றரை வருடம் வீட்டையே படுத்தியவள், அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு சாப்பிடப் போனாள்.

தீர்ப்பு வந்தது. விழுந்த சற்று நேரத்திலேயே உயிர் பிரிந்துவிட்டது என்று சாட்சியம் இருப்பதால், சூப்பர்வைசர் கூடவே இருந்திருந்தாலும் பயன் இருந்திருக்காது என்று சொல்லி விடுவித்துவிட்டார்கள். வராந்தாவில் லோடுமேன் அக்காவைத் தேடி வந்தார்.

"மேடம், சூப்பர்வைசர் போயிட்டாருன்னுதானே நான் சொன்னேன்? அண்ணனுக்கு அப்ப உசுரு இருந்துச்சே மேடம். நீங்க படிக்கும்போது எனக்குச் சரியா புரியல."

"வக்கீலைப் பாருங்க. மேல்முறையீடு இருக்கு." இதைச் சொல்லிவிட்டு அக்கா உள்ளே போய்விட்டாள். அப்படித் திரும்பும்போது, தூணுக்குப் பக்கத்தில் செத்தவரின் மனைவி இன்னொரு பெண்ணிடம் சொல்வது கேட்டது: "உடனே போயிட்டாராம்."

அக்கா அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டாள். அந்த அம்மாவுக்கு அது ஒரு ஆறுதல், வலி தெரியாமல் போய்விட்டார் என்று நிம்மதி, அதைக் கெடுப்பானேன் என்று தன்னைத்தானே சமாதானம் செய்துகொண்டாள். மேல்முறையீட்டுக்கு யாரும் போகவில்லை. அவள் வேலை நிரந்தரமானது. அதற்குப் பிறகு அவள் ஒரு இடத்தில் நிலையாக இருந்து நான் பார்க்கவில்லை.

மிகைப்படுத்திச் சொல்லவில்லை. எங்கள் வீட்டுக்கு வந்தால் ஜன்னலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே இருப்பாள், கையில் பென்சில் இருக்கும். ஒரு வரி எழுதினால் அதை மூன்று பேர் வாயில் சொல்ல வைத்துக் கேட்டாகவேண்டும். என் மனைவி ஒரு வாய், நான் ஒரு வாய், மாட்டிக்கொள்ளும் விருந்தாளி இன்னொரு வாய். நான் எட்டாவது மாடிக்கும் ஒன்பதாவது மாடிக்கும் நடுவில், லிஃப்ட் கூண்டின் தலைமேல் நின்று பிரேக்கைச் சரிபார்த்துக்கொண்டிருப்பேன். போன் அடிக்கும்.

"தம்பி, ஒரு ஆளு மனசே இல்லாம 'சரி'ன்னு சொன்னா எப்படிச் சொல்வான்? சொல்லிக் காட்டு."

"அக்கா, நான் வேலையில இருக்கேன்."

"சீக்கிரம் சொல்லுடா."

"சரி."

"ஆங், அதான்!" வைத்துவிடுவாள்.

என் மனைவிக்கு வேறு கவலை. "நாம சண்டை போட்டா உங்க அக்கா விலக்கி விடமாட்டேங்கறாங்க, நின்னு கேக்கறாங்க" என்பாள். அது உண்மைதான். எங்கள் சண்டை ஒன்று அவளுடைய முதல் நாவலில் முழுசாக இருக்கிறது. அதில் நான் தோற்றுப்போகிறேன். நிஜத்திலும் தோற்றேன், அதனால் வழக்குப் போட முடியாது.

ஆறு வருடத்தில் இரண்டு நாவல் வந்தது. ஒன்று டைப்பிங் சென்டரைப் பற்றி. இன்னொன்று கோர்ட் வராந்தாவில் காத்திருப்பவர்களைப் பற்றி. இரண்டாவதற்கு ஒரு பரிசும் கிடைத்தது. மேடையில் யாரோ, இவர் மக்களின் மொழியை அப்படியே பிடிப்பவர் என்று பாராட்டிப் பேசினார்கள். நான் முதல் வரிசையில் உட்கார்ந்து கை தட்டினேன். வெளியே வந்ததும் அவள் மாலையைக் கழற்றி என் கையில் திணித்துவிட்டு, "அப்படியே பிடிக்கிறேனாம். கேட்டியா? அப்படியே பிடிக்கிறேனாம்" என்று சொல்லிக்கொண்டே வேகமாக நடக்க ஆரம்பித்தாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. சந்தோஷப்படத் தெரியாத ஜென்மம் என்று திட்டிவிட்டேன். அன்றைக்குத்தான் ரோட்டோரத்தில் நின்று, கிடங்கு வழக்கு முழுவதையும் சொன்னாள். அதுவரை எனக்குத் தெரியாது. இரண்டு நாவலும் அதை எழுதாமல் இருப்பதற்காக எழுதினது என்றாள்.

அதற்குப் பிறகு லோடுமேனைத் தேடினாள். நான்தான் வண்டியில் கூட்டிப்போனேன். நாலைந்து கிடங்கு ஏறி இறங்கி, கடைசியில் ஒரு பார்சல் ஆபீஸ் வாசலில் பிடித்தோம். அவர் அக்காவைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. "நானும்தானே மேடம் கையெழுத்துப் போட்டேன்" என்றார். அந்த அம்மாவிடம் அவரும் சொல்லவில்லையாம். "உடனே போயிட்டாராமேன்னு என்கிட்டயே கேட்டாங்க. ஆமாங்கன்னு தலையாட்டிட்டேன். எந்த வாயால இல்லன்னு சொல்றது?" இருவரும் ஒரு பெட்டி மேல் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் பேசினார்கள். அவர் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். நான் தள்ளி நின்று டீ குடித்தேன்.

அதிலிருந்து பிறந்ததுதான் இந்த மூன்றாவது நாவல். எழுத மூன்று வருடம் ஆனது. பதிப்பாளர் படித்துவிட்டு ராத்திரி தூங்கவில்லை என்றார். அட்டைப்படம்கூடத் தயார். அப்போதுதான் அக்கா, "அந்த அம்மா கேட்டுட்டுச் சரின்னு சொன்னாத்தான் அச்சுக்குப் போகணும். வேணாம்னா போட வேணாம்" என்று ஒரு குண்டைத் தூக்கிப் போட்டாள். பதிப்பாளர் கெஞ்சினார். பேரை மாற்றியாயிற்று, ஊரை மாற்றியாயிற்று, அந்த அம்மா புத்தகம் படிக்கிறவர்கூட இல்லையே என்றார். நானும் சொன்னேன். பதினோரு வருடமாக நிம்மதியாக இருக்கிற பொம்பளையை எழுப்பி உட்கார வைத்து, உன் புருஷன் உயிரோடு தவித்தார் என்று சொல்லப்போகிறாயா, உன் நிம்மதிக்காக அவள் நிம்மதியைக் கெடுக்கப் போகிறாயா என்று கேட்டேன். கொஞ்சம் கடுமையாகத்தான் கேட்டேன்.

"தெரியலடா. ஆனா அவங்களுக்குப் படிச்சுக் காட்டாம எப்படி?" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை போனோம். இரண்டாவது மாடி, இரண்டு அறை. ஒரு அறை முழுக்கச் சட்டைக் கட்டு. அந்த அம்மா ஒரு தையல் கம்பெனிக்குப் பிசிறு வெட்டிக் கொடுக்கிறவர். தைத்த சட்டையில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலைச் சின்னக் கத்தரியால் நறுக்கி, பொத்தானைச் சரிபார்த்து, மடித்து அடுக்கவேண்டும். மகளுக்குக் கல்யாணமாகிவிட்டது, மகன் வெளியூரில் வேலையில் இருக்கிறான். அக்கா தான் யார் என்று சொன்னாள். என் அக்கா இன்னொருவரை 'அக்கா' என்று கூப்பிட்டு அன்றுதான் கேட்டேன்.

"அக்கா, உங்க வீட்டுக்காரர் கேஸ்ல நான்தான் டைப் பண்ணேன். அதுல ஒரு தப்பு இருக்கு. நான் பண்ண தப்பு."

எல்லாவற்றையும் சொன்னாள். போயிட்டாரு என்ற சொல், மூன்று நிமிடம், வேகமாகப் படித்தது, வராந்தாவில் முதுகைக் காட்டியது. தனக்குச் சாதகமாக எதையும் சேர்க்கவில்லை. அந்த அம்மா தலையைத் தூக்காமல் நூலை நறுக்கிக்கொண்டே இருந்தார். ஒரு சட்டை முடிந்து அடுத்த சட்டையை எடுத்தார். எனக்குப் பயமாக இருந்தது. அழுதுவிட்டால்கூடத் தேவலை என்று தோன்றியது.

"அப்ப, எவ்வளவு நேரம் உசுரு இருந்துச்சாம்?"

"ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும். அரை மணி நேரம். லோடுமேன் மடியில தலைய வச்சுட்டு இருந்திருக்காரு."

"சூப்பர்வைசர்?"

"போயிட்டாரு."

கத்தரி நின்றது. மறுபடி ஓடியது. "எழுதினதைப் படிங்க, கேப்போம்" என்றார்.

அக்கா அந்த அத்தியாயத்தை எடுத்தாள். பதிப்பாளர் நாவலின் உயிர் என்று சொன்ன அத்தியாயம். விழுந்தவர் சரியாகப் பேச முடியாமல் கிடக்கிறார். லோடுமேன் தண்ணீரால் உதட்டை நனைக்கிறார். விழுந்தவரின் கை மெதுவாக எழும்புகிறது. 'இந்தா' என்கிறார். எதையோ கொடுக்கிறார் என்று நினைத்து லோடுமேன் கையை நீட்டுகிறார். கையில் ஒன்றும் இல்லை. மறுபடியும், 'இந்தா.' அவ்வளவுதான். இதற்கு மேல் நாலு பக்கத்துக்கு அக்கா எழுதியிருந்தாள். அவர் கொடுக்க நினைத்தது என்ன, வாழ்நாள் முழுக்கச் சுமை தூக்கியவன் கடைசியில் இன்னொருவன் கையில் ஒப்படைப்பது எதை என்றெல்லாம். எனக்குப் பாதி புரியாது, ஆனால் படிக்க நன்றாக இருக்கும்.

இரண்டாவது பக்கத்தில் அந்த அம்மா நிறுத்தினார்.

"இந்தான்னா சொன்னாரு? இது நீங்களா எழுதினதா?"

"இல்லக்கா. லோடுமேன் சொன்னது. ரெண்டு தடவை சொன்னாராம். எதையோ குடுக்க வந்திருக்காரு, என்னன்னுதான் தெரியல..."

"குடுக்கலம்மா." கத்தரியைக் கீழே வைத்தார். "என்னைக் கூப்பிட்டிருக்காரு."

அக்கா பக்கத்தைப் பின்னால் புரட்டி அந்த வரியைத் தேடினாள்.

"கல்யாணமான நாள்ல இருந்து என் பேரு அவர் வாயில வந்ததில்ல. இந்தா, இந்தான்னுதான். வாசல்ல செருப்பைக் கழட்டும்போதே 'இந்தா'ம்பாரு. நானும் வந்து நிப்பேன்."

அக்கா கையிலிருந்த தாள்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உலகத்தில் யார் எதை எப்படிச் சொல்வார்கள் என்று லிஃப்ட் மேல் நிற்கிறவனைக்கூடக் கூப்பிட்டுக் கேட்டவளுக்கு, இந்த ஒரு சொல்லை இவரிடம் வந்து கேட்கவேண்டும் என்று தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லைதான். என் அப்பா அம்மாவை எப்படிக் கூப்பிட்டார் என்று அப்போதுதான் யோசித்தேன்.

"மன்னிச்சிடுங்கக்கா. நீங்க நிம்மதியா இருக்கீங்கன்னு நினைச்சுட்டேன். உடனே போயிட்டாராம்னு நீங்க சொன்னது கேட்டுச்சு, அது உங்களுக்கு ஒரு ஆறுதல்னு..."

"ஆறுதலா?" அந்த அம்மா அப்போதுதான் அக்காவை நிமிர்ந்து பார்த்தார். "எங்களை நினைக்கக்கூட நேரமில்லாம போயிட்டாரேன்னு பதினோரு வருஷமா பொருமிட்டு இருக்கேன். பொண்ணு கல்யாணத்தன்னிக்கு, 'கடைசியா அப்பா நம்மள நினைச்சிருப்பாராம்மா'ன்னு கேட்டா. நேரமில்லடின்னு சொன்னேன். இதை நீ கையில வச்சுட்டு என்னடி பண்ணிட்டு இருந்தே?"

'நீங்க' போய், 'நீ' ஆகி, 'டி'யும் வந்துவிட்டது. அக்கா அழுதாள். பெரிய சத்தமில்லை, கன்னத்தில் வழிந்தது, துடைக்கவில்லை. நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"புத்தகத்தைப் போட்டுக்கோ" என்றார் அந்த அம்மா. "அந்த நாலு பக்கத்தை எடுத்துடு. அவரு எதையும் குடுக்கல. என்கிட்ட மன்னிப்பு மட்டும் இனிமே கேக்காதே. எனக்குக் குடுக்கத் தெரியல."

மடியிலிருந்த சட்டையை ஒதுக்கிவிட்டு எழுந்து, அலமாரி மேலிருந்த போனை எடுத்தார். இரண்டு தடவை தப்பான நம்பர் போட்டார். மூன்றாவது தடவை மகள் எடுத்தாள். நாங்கள் செருப்பைப் போட்டுக்கொண்டு படியில் இறங்கும்போது அந்த அம்மாவின் குரல் மாடி முழுக்கக் கேட்டது.

"ஏய், உங்கப்பா உடனே போகலையாம்டி. என்னைக் கூப்பிட்டாராம். ரெண்டு தடவை கூப்பிட்டாராம்."